சுவரேறிக் குதிக்கலாம் வாங்க!

எங்க ஊர்ல டிசம்பர் மாசம் சாயங்காலம் நாலரை மணிக்கெல்லாம் கும்மிருட்டு. சியாட்டில்ல இருக்கறவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மத்தவங்களுக்காக: அக்டோபர்ல ஆரம்பிச்சா ஏப்ரல் வரைக்கும் ஒரே நசநசன்னு தூறல். நம்மூர் மாதிரி 'சோ'ன்னு கொட்டிட்டு வெளுத்துடற மழை இல்ல. மூக்கு ஒழுகற குழந்தை மாதிரி நாள் பூரா ஒழுகிக்கிட்டே இருக்கும். பசங்க ஸ்கூல் விட்டு வந்து பால் குடிச்சு முடிக்கறதுக்குள்ள வெளியில ராத்திரி ஆயிடும். அப்புறம் எங்க போய் விளையாடறது? சோபா, போர்வை, கையில டேப்லட். இதான் எங்க வீட்டு சின்னவங்களோட குளிர்கால உடற்பயிற்சி. (பெரியவங்களோடதும் அதேதான், அதை விடுங்க!)

சின்னவளைப் பத்திக் கவலை இல்ல. ஆறு வயசு. சோபாவுல உக்காந்தாலும் தலைகீழாத்தான் உக்காருவா. எனக்குக் கவலை எல்லாம் பெரியவன் மேலதான். பத்து வயசு. அமைதி. அளவுக்கு மீறின அமைதி.

நாங்களும் சேர்த்து விடாத வகுப்பு இல்லீங்க. கால்பந்துல சேர்த்தோம். மேட்ச் நடக்கும்போது ஐயா மைதானத்து ஓரத்துல உக்காந்து புல் பிடுங்கிக்கிட்டு இருந்தாரு. பந்து பக்கத்துல வந்தா எழுந்து வழிவிட்டாரு. அவ்ளோ மரியாதை! நீச்சல்ல சேர்த்தோம். காதுல தண்ணி போச்சுன்னு ரெண்டே வாரம். கராத்தே, அதுல யாரோ ஒரு பையன் சிரிச்சுட்டான்னு நின்னுடுச்சு. ஒவ்வொண்ணுக்கும் யூனிஃபார்ம், ஷூன்னு வாங்கினது கராஜ்ல ஒரு பெட்டி நிறைய இருக்கு.

இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே எழுதறேன். ஆனா ஒரு நாள் ராத்திரி படுக்கப் போறப்ப அவன் சொன்னது: "அப்பா, நான் எதுலயுமே நல்லா இல்லல்ல?" கேள்வி மாதிரி கூட இல்ல. ஒரு தகவல் சொல்ற மாதிரி சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரல.

அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் வருஷாந்திரப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தோம். டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினாங்க. குழந்தைகளுக்கு உயரம் எடை வச்சுக் கணக்குப் போட்டு, அதே வயசு அதே பாலினக் குழந்தைகளோட ஒப்பிட்டு நூத்துக்கு எத்தனாவது இடம்னு பார்ப்பாங்க. 85ஐத் தாண்டினா அதிக எடை, 95ஐத் தொட்டா உடல்பருமன். நம்ம ஆள் 88ல நின்னுக்கிட்டு இருந்தான். உலக சுகாதார நிறுவனம் 2020ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, 5 வயசுலேர்ந்து 17 வயசு வரைக்கும் உள்ளவங்க சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிஷமாவது மூச்சு வாங்கற மாதிரி உடம்பை அசைக்கணும், வாரத்துல 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தர்ற மாதிரி வேலை கொடுக்கணும்னு இருக்கு. டாக்டரம்மா இதை அவன் முன்னாடியே சொன்னாங்க. அவன் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தான்.

பொறந்தநாள் விருந்து

இந்த நிலைமையிலதான் அவன் வகுப்புப் பையன் ஒருத்தனோட பொறந்தநாள் அழைப்பு வந்துச்சு. இடம்: உள்ளரங்கப் பாறையேற்றக் கூடம். அதாங்க, பெரிய கிடங்கு மாதிரி கட்டடத்துக்குள்ள நாலு பக்கமும் செயற்கைச் சுவர் எழுப்பி, அதுல கலர் கலரா பிடிகளை முடுக்கி வச்சிருப்பாங்க. பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு ஏறணும்.

உள்ள நுழைஞ்சதும் எனக்கே வயித்தைக் கலக்கிடுச்சு. ஒவ்வொரு சுவரும் நாலு மாடி உயரம். மேலேர்ந்து கயிறு தொங்குது. வாண்டுங்க எல்லாம் கீச்கீச்னு கத்திக்கிட்டு ஏறுது, பாதியில கைவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆடுது. நம்ம பையன்? ரெண்டு மணி நேரமும் கேக் வச்சிருந்த மேசை பக்கத்துலயே காவல் இருந்தான். ஹார்னஸ் கூட மாட்டிக்கல. சரி, பெட்டியில சேர இன்னொரு ஐட்டமான்னு நினைச்சுக்கிட்டேன்.

கார்ல ஏறி சீட் பெல்ட் போட்டப்புறம் மெதுவா கேட்டான்: "அப்பா, யாரும் இல்லாத நேரத்துல ஒரு தடவை வரலாமா?"

அவன் விளையாட்டு சம்பந்தமா தானா வாயைத் திறந்து ஒண்ணு கேட்டது அதான் முதல் தடவை.

கொஞ்சம் வரலாறு (வேண்டாம்னா அடுத்த தலைப்புக்குத் தாவிடுங்க)

இந்தச் சுவரேற்றம் ஏதோ நேத்து வந்த ஃபேஷன்னு நினைச்சேன். தேடிப் பார்த்தா கதை பெருசு. 1964ல இங்கிலாந்துல லீட்ஸ் பல்கலைக்கழகத்துல உடற்கல்வி சொல்லிக் கொடுத்த டான் ராபின்சன், ஒரு நடைவழிச் சுவத்துல கல்லுங்களைப் பதிச்சு ஏறிப் பழக வழி பண்ணாரு. மழைக்காலத்துல மலைக்குப் போக முடியாதவங்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். அப்புறம் 1987ல அமெரிக்காவோட முதல் வணிகரீதியான ஏறுகூடம் திறந்தது எங்க தெரியுமா? எங்க சியாட்டில்லதான்! எல்லாம் மழை பண்ற மாயம். 1963ல எவரெஸ்ட்ல ஏறின முதல் அமெரிக்கர் ஜிம் விட்டேக்கர் கூட இந்த ஊர்ல பிறந்தவர்தான். ஆக, ஊருக்கே இந்தக் கிறுக்கு ரொம்ப நாளா இருக்கு.

ஒலிம்பிக்ஸுக்கும் போயாச்சு. டோக்கியோ 2020 போட்டியில (நடந்தது 2021ல) முதல் தடவையா சேர்த்தாங்க. 2024 பாரிஸ்ல 15 மீட்டர் சுவத்தை இந்தோனேசியாவோட வெட்ரிக் லியோனார்டோ 4.75 நொடியில ஏறித் தங்கம் வாங்கினாரு. நான் அந்த நேரத்துக்குள்ள சோபாவுலேர்ந்து எழுந்திருக்கவே மாட்டேன்.

கயிறு பிடிக்கப் படிச்ச கதை

ஞாயித்துக்கிழமை காலையில, கூடம் திறக்கற நேரத்துக்குப் போனோம். ஈ காக்கா இல்ல. பொறுப்பு எங்களோடதுதான்னு ஒரு நீளமான படிவத்துல கையெழுத்து வாங்கினாங்க. பசங்களுக்கு அப்பா அம்மாதான் போடணும். படிச்சுப் பார்த்தா ஒவ்வொரு வரியிலயும் காயம், மரணம்னு இருக்கு. தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

மூணு வகை இருக்குங்க.

முதல் வகை, கயிறு இல்லாம ஏறறது. போல்டரிங்னு பேரு. சுவர் ரெண்டு ஆள் உயரத்துக்குச் சித்த அதிகமா இருக்கும், கீழ முழுக்கத் தடியான மெத்தை. விழுந்தா முழங்காலை மடக்கி, அப்படியே பின்னாடி உருண்டுடணும். கையைப் பின்னாடி ஊனினா மணிக்கட்டு போச்சு. ஏறறதுக்கு முன்னாடி விழறதுக்குத்தான் சொல்லிக் கொடுக்கறாங்க! எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம்.

ரெண்டாவது, தானியங்கி. மேல ஒரு பெட்டி, அதுலேர்ந்து வர்ற நாடாவை ஹார்னஸ்ல மாட்டிக்கணும். ஏற ஏற அதுவே சுருட்டிக்கும், கைவிட்டா மெதுவா இறக்கிவிடும். இதுல ஆபத்து இயந்திரம் இல்ல, நம்ம மறதிதான். மாட்டாமலே ஏறிடறவங்க உண்டாம். அதனாலதான் ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு பெரிய முக்கோணத் துணியைத் தடுப்பா மாட்டி வச்சிருக்காங்க.

மூணாவதுதான் நம்ம கதை. மேல ஒரு கம்பியில சுத்திக் கீழ வர்ற கயிறு. ஒரு முனை ஏறறவன் ஹார்னஸ்ல எட்டு வடிவ முடிச்சு. இன்னொரு பக்கம் கீழ நிக்கற ஆளோட இடுப்புல இருக்கற கருவி வழியாப் போகும். கீழ நிக்கறவர் செய்யறதுக்கு பிலேன்னு பேரு. அவன் ஒரு அடி ஏறினா நாம ஒரு அடி கயித்தை உள்ள இழுக்கணும். அவன் விழுந்தா கருவி கயித்தைக் கவ்விக்கும். கயித்தோட தடுப்புப் பக்கத்தைப் பிடிச்சிருக்கற கையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. மூக்கு அரிச்சாலும் சரி, போன் அடிச்சாலும் சரி.

எங்க கூடத்துல 14 வயசுக்குக் கீழ இருக்கறவங்க பிலே பண்ண முடியாது. பெரியவங்களும் வகுப்புல கத்துக்கிட்டு, அவங்க முன்னாடி செஞ்சு காட்டித் தேர்வானாத்தான் அனுமதி. தங்கமணி முதல் தடவையிலயே தேர்ச்சி. நான் ரெண்டாவது தடவை. (அவங்களுக்குக் கோலம் போட்ட கை, முடிச்செல்லாம் சுலபமா வருதுன்னு சமாளிச்சேன். நம்பல.)

இன்னொண்ணு: மோதிரம், காப்பு எல்லாம் கழட்டிடணும். மோதிரம் பிடியில மாட்டி உடம்பு கீழ இறங்கினா விரலோட தோலே உரிஞ்சு வந்துடும். கல்யாண மோதிரத்தைச் சந்தோஷமாக் கழட்டறதுக்கு ஒரு காரணம் கிடைச்சுதுன்னு நான் சொன்னதுக்கு அன்னிக்கு மதியம் சாப்பாடு தாமதமாத்தான் வந்துச்சு.

மஞ்சள் பாதை

ஒரே நிறத்துப் பிடிகளைப் பிடிச்சுக்கிட்டே மேல போனா அது ஒரு பாதை. அடியில அட்டையில எவ்ளோ கஷ்டம்னு எண் போட்டிருப்பாங்க. பையன் மஞ்சளைத் தேர்ந்தெடுத்தான். இருக்கறதுலயே சுலபம்.

முதல் வாரம் ஆறடி. ரெண்டாவது வாரம் பத்தடி. அங்க ஒரு இடத்துல சுவர் லேசா வெளியில துருத்திக்கிட்டு வரும். அதைத் தாண்டறப்ப அடுத்த பிடி கண்ணுக்குத் தெரியாது. அங்க போய் நின்னுடுவான். கால் ரெண்டும் தையல் மெஷின் மாதிரி தடதடன்னு ஆடும். அப்புறம் "இறக்கு"ன்னு சொல்லிடுவான்.

நான் சும்மா இருந்தேனா? "வலது கால் மேல வை! இல்லடா, வலது! அந்தப் பெரிய பிடி, உன் காதுகிட்ட! கைய நீட்டு! நீட்டுடா! அட, அவ்ளோதான்டா, இன்னும் ஒரு அடி!" கூடம் பூரா என் குரல்தான். பக்கத்துல ஏறினவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க.

மூணாவது வாரம் அதைவிடப் பெரிய தப்பு பண்ணேன். சின்னவ இருக்காளே, அவளுக்கு முழு உடம்பு ஹார்னஸ். சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பு குறுகலா இருக்கறதால சாதாரணது தலைகீழானா நழுவிடலாம், அதனால தோள் வரைக்கும் வர்றதைப் போடுவாங்க. அதை மாட்டின அடுத்த நிமிஷம் அணில் மாதிரி விறுவிறுன்னு அதே மஞ்சள்ல உச்சி வரைக்கும் ஏறிட்டு மேலேர்ந்து கையாட்டறா. என் வாய் சும்மா இருக்குமா? "பாருடா, தங்கச்சியே ஏறிட்டா!"

சொல்லி முடிக்கறதுக்குள்ளயே தெரிஞ்சுடுச்சு. அவன் முகம் டாக்டர் ரூம்ல இருந்த மாதிரி ஆயிடுச்சு. ஒண்ணும் பேசாம முடிச்சை அவுத்தான்.

திரும்பி வர்றப்ப கார்ல ஒரே அமைதி. வீட்டு வாசல்ல இறங்கறப்ப சொன்னான்: "அப்பா, நீ பேசினா எனக்குக் கை நடுங்குது. நீ கயித்தை மட்டும் பிடி. போதும்."

புளியமரம்

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கங்க.

எங்க ஊரு திண்டுக்கல் பக்கம். வீட்டுக்குப் பின்னாடி பெரிய புளியமரம். பதினோரு வயசுல நான் அதுல ஏறாத கிளை இல்ல. ஒரு நாள் உச்சிக்கிளையில இருந்தப்ப எங்கப்பா கீழ வந்துட்டாரு. பயத்துல கத்தினாரு, பாவம். "டேய், இறங்குடா! அந்தக் கிளை வேணாம்டா! கால அங்க வைக்காத!" அதுவரைக்கும் எனக்குப் பயமே தெரியாது. அவர் குரலைக் கேட்டப்புறம்தான் கீழ பார்த்தேன். இடது கை முறிஞ்சுது. புத்தூர் கட்டு போட்டு ஆறு வாரம். புளியமரத்தோட கீழ்க்கிளைகளை அப்பா ஆளை விட்டு வெட்டிட்டாரு. அதுக்கப்புறம் நான் எதுலயும் ஏறல. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்கிட்ட நின்னாக் கூட உள்ளங்கை வேர்க்கும்.

எங்கப்பாவைக் குறை சொல்லல. கீழ நிக்கறவனோட பயம் மேல இருக்கறவனோட பயத்தைவிடப் பெருசுன்னு இப்பதானே எனக்குத் தெரியுது. ஆனா ஒண்ணு. என் பையன் அந்தச் சுவத்துல பத்தடி உயரத்துல எங்கப்பா குரலைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான். சுத்தமா அதே குரல். அதே "டேய்".

அடுத்த வாரம் போறதுக்கு முன்னாடி அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். தங்கச்சியைச் சொன்னதுக்கும் சேர்த்து. "பரவால்ல"ன்னான். பத்து வயசுக்குப் பெரிய மனுஷன்.

நானும் ஏறினேன்

அவனே ஒரு நிபந்தனை போட்டான். "நீயும் ஒரு தடவை ஏறு. அப்பதான் உனக்குத் தெரியும்."

ஏறினேங்க. தங்கமணி கயித்தைப் பிடிச்சாங்க. எனக்கும் அவங்களுக்கும் எடை வித்தியாசம் ஜாஸ்திங்கறதால, நான் விழுந்தா அவங்க மேல பறந்துடாம இருக்கத் தரையில ஒரு வளையத்துல அவங்களைக் கட்டிப் போட்டாங்க. (இருபது பேர் பார்க்க!) எட்டடி ஏறினதும் முழங்கை ரெண்டும் கல்லு மாதிரி இறுகிப் போச்சு. விரல் தானா திறக்குது. கீழ பார்த்தேன். புளியமரம். அதே உள்ளங்கை வேர்வை.

கீழேர்ந்து பையன் குரல், நிதானமா: "அப்பா, ஓய்வெடுக்கணுமா, இறங்கணுமா? நீயே சொல்லு."

அவ்ளோதான். வலது கால் இடது கால்னு ஒண்ணும் சொல்லல. ஓய்வுன்னு சொன்னேன். தங்கமணி கயித்தை இறுக்கினாங்க. சுவத்துல காலை ஊனி அந்தரத்துல உக்காந்தேன். மூச்சு வந்துச்சு. அப்பதான் புரிஞ்சுது, நான் கையால உடம்பைத் தூக்கிக்கிட்டு இருந்திருக்கேன். காலை எங்க வைக்கறோம்னு பார்த்து, கையை நீட்டி வச்சுக்கிட்டு, காலால உந்தினா பாதி பாரம் போயிடுது. இதை அந்தக் கூடத்துப் பயிற்சியாளர் முதல் நாளே சொன்னாரு. நான்தான் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கற மும்முரத்துல கேக்கல.

உச்சிக்குப் போகல. பன்னிரண்டு அடியோட இறங்கிட்டேன். கீழ வந்ததும் பையன் என் கையைப் பிடிச்சுப் பார்த்தான். "நடுங்குதா? எனக்கும் அப்படித்தான் இருக்கும்"னான். அவனுக்கு அன்னிக்கு இருந்த சந்தோஷம் எந்தக் கோப்பை வாங்கினாலும் வந்திருக்காது.

அதுக்கப்புறம் நான் பேசறதில்ல. அவன் "பிடி"ன்னா பிடிப்பேன், "தளர்த்து"ன்னா தளர்த்துவேன், "இறக்கு"ன்னா இறக்குவேன். ஏழாவது வாரம், அந்தத் துருத்தின இடத்துல எப்பவும் போல நின்னான். கால் தடதடன்னுச்சு. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டேன். ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் இடது காலை மாத்தி வச்சான். அது எனக்குத் தோணவே தோணாத இடம். உடம்பைச் சுவத்தோட ஒட்டித் திருப்பினான். கை போய் அந்தத் தெரியாத பிடியில உடும்பு மாதிரி விழுந்துச்சு. மிச்சம் ஒரே மூச்சுல.

இறங்கி வந்தான். முடிச்சை அவுத்தான். "அப்பா, பசிக்குது"ன்னான். வேற ஒண்ணும் சொல்லல. நானும் சொல்லல. கார்ல கண்ணாடியில பார்த்தேன், ஜன்னல் பக்கம் திரும்பித் தனியாச் சிரிச்சுக்கிட்டு இருந்தான்.

ஆசைப்படறவங்களுக்குச் சில குறிப்புகள்

எட்டு மாச அனுபவத்துல தெரிஞ்சதை எழுதறேன். நான் நிபுணன் இல்ல, கயிறு பிடிக்கறவன் மட்டும்தான்.

1. இது முழு மருந்து இல்லீங்க. ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஒண்ணரை மணி நேரத்துல அவன் சுவத்துல இருந்தது 22 நிமிஷம். மிச்ச நேரம் ஓய்வு, வேடிக்கை, யோசனை. தசைக்கும் எலும்புக்கும் நல்லது, ஆனா மூச்சு வாங்க ஓடற வேலைக்கு இது மாத்து இல்ல. நாங்க கூடத்துக்கு நடந்தே போக ஆரம்பிச்சோம். போக வர நாற்பது நிமிஷம், மழையில.

2. விளையாட்டே வேண்டாம்னு ஒதுங்கற பிள்ளைங்களுக்கு இது ஏன் ஒத்துவருதுன்னா, யாரும் உங்களைக் கடைசியா அணியில எடுக்க மாட்டாங்க. பந்தை விட்டுட்டேன்னு யாரும் திட்ட மாட்டாங்க. சுவர் எங்கயும் ஓடாது. இன்னிக்கு வரலன்னா அடுத்த வாரமும் அங்கயேதான் இருக்கும். அது ஒரு புதிர் மாதிரியும் இருக்கறதால, யோசிக்கற பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்குது.

3. நகத்தை வெட்டி அனுப்புங்க. ஏறு காலணி விரலை ஒட்டி இறுக்கமாத்தான் இருக்கும், ஆனா வலிக்கற அளவுக்கு வளர்ற காலுக்கு வேண்டாம். ஆரம்பத்துல வாடகைக்கே எடுங்க. எங்க வீட்டுப் பெட்டியை நினைச்சுக்கங்க.

4. ஆர்வக்கோளாறுல வீட்டுல விரல் பலகை மாட்டித் தொங்கவிடாதீங்க. வளர்ற வயசுல விரல் எலும்புல வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. அளவுக்கு மீறி பாரம் கொடுத்தா அங்கயே விரிசல் விழும். விரல் மூட்டுல வலின்னு பிள்ளை சொன்னா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. சுளுக்குன்னு நீவி விடாதீங்க.

5. ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு தடவையும், ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி முடிச்சையும் கருவியையும் சரிபாருங்க. நூறாவது தடவைதான் ஆபத்து. கரணம் தப்பினா என்னன்னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க?

6. மெத்தை மேல யாராவது ஏறிக்கிட்டு இருந்தா அடியில போகக்கூடாதுன்னு சின்னதுகளுக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லுங்க.

7. கீழ நிக்கறப்ப வாயை மூடிக்கங்க. (இது எனக்கு நானே எழுதிக்கிட்டது.)

அப்பத்தா வந்தாங்க

கோடையில எங்கம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். உள்ள வந்து அண்ணாந்து பார்த்துட்டு முதல் கேள்வி: "ஏப்பா, இதுக்குக் காசா?"

"ஆமாம்மா."

"புளியமரத்துல சும்மா ஏறினதுக்கு உன்னைய உரிச்செடுத்தோம். இங்க காசு கட்டி ஏத்திவிடுறியா? நல்லா இருக்குடா உங்க நாயம்."

பேரன் ஏறறதைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இப்பல்லாம் அவன் மஞ்சளை விட்டுட்டு பச்சைக்குப் போயிட்டான். அப்புறம் சின்னவ ஏறினா. அப்பத்தா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் ரொம்ப சாதாரணமாச் சொன்னாங்க: "நானும் நாவமரம் ஏறுவேன். எங்கண்ணனுக்கெல்லாம் நாந்தான் பறிச்சுப் போடுவேன். பெரிய மனுஷியானதும் ஏறக்கூடாதுன்னுட்டாங்க."

நாற்பது வருஷத்துக்கு மேல எங்கம்மா பையனா இருக்கேன். இது எனக்குத் தெரியாது.

"இவள நிறுத்திப்புடாதீக"ன்னு மட்டும் சொல்லிட்டு, கைப்பையிலேர்ந்து முறுக்கை எடுத்துப் பேரனுக்கு நீட்டினாங்க. டாக்டரம்மா பார்த்திருந்தா அவ்ளோதான்.

போன மாசம் மறுபடி பரிசோதனை. 88 இருந்தது 84 ஆயிருக்கு. அவன் உயரமும் கொஞ்சம் கூடியிருக்கு, நடையும் சேர்ந்திருக்கு, அதனால முழுப் பெருமையையும் சுவத்துக்கே கொடுக்க மாட்டேன். டாக்டரம்மா "என்ன விளையாடறே?"ன்னு கேட்டாங்க. இந்தத் தடவை அவன் தரையைப் பார்க்கல. எழுந்து நின்னு, அந்தத் துருத்தின இடத்தை எப்படித் தாண்டணும்னு அவங்க ரூம் சுவத்துலயே காலை வச்சு நடிச்சுக் காட்டினான். வரிசையில அடுத்த நோயாளி காத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க அவசரப்படுத்தல.

மேற்கு சியாட்டில்ல கேம்ப் லாங்னு ஒரு பூங்கா. அங்க 1939ல கட்டி முடிச்ச ஷூர்மன் பாறைன்னு ஒரு செயற்கைப் பாறை இருக்கு. ஏறிப் பழகறதுக்குன்னே கல்லும் சிமெண்டும் வச்சுக் கட்டினது. காசு கிடையாதுன்னதும் அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை எல்லாரும் போனோம். பசங்க ரெண்டும் ஏறினாங்க. அம்மா கிட்டப் போய்ப் பாறையைக் கையால தடவிப் பார்த்தாங்க. பிடி இருக்கான்னு பார்த்த மாதிரி இருந்துச்சு. நான் கேக்கல.

உங்க வீட்டு வாண்டுங்களை சோபாவுலேர்ந்து கிளப்ப நீங்க என்ன தந்திரம் வச்சிருக்கீங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.

டிஸ்கி: நான் இன்னும் மஞ்சள் உச்சிக்குப் போகல. பன்னிரண்டு அடி, பதினாலு அடின்னு ஓடிக்கிட்டு இருக்கு. பையன் கீழ நின்னு ஒண்ணும் சொல்றதில்ல. அதுதான் ரொம்ப உதவியா இருக்கு.